விழுப்புரம் எந்தக் கான்ஃபரன்ஸ்?

அமெரிக்காவில் மேற்குக் கரைப் பக்கம் படித்த நண்பன் ஒருவன் ஊருக்கு வந்திருந்தான். திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு புலம்பித் தீர்த்துவிட்டான். "நான் படிச்ச யுனிவர்சிட்டி ஆடின கான்ஃபரன்ஸே கலைஞ்சு போச்சுடா. கோச் வேற கிளம்பிட்டான்." பூர்வீக வீட்டை விற்றுவிட்டு வந்தவன் மாதிரி ஒரு முகம். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வேறொன்று உறைத்தது. இதே கதை நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது, அதுவும் இருபது வருஷத்தில் மூன்று முறை. நாம் யாரும் அதை விளையாட்டுச் செய்தியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பல்கலைக்கழகங்கள் பத்து, பன்னிரண்டு சேர்ந்து ஒரு குழுவாகித் தங்களுக்குள் ஆடும். அந்தக் குழுவுக்குத்தான் கான்ஃபரன்ஸ் என்று பெயர். முன்பெல்லாம் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் ஒரு கான்ஃபரன்ஸாக இருந்தன. 1915-இல் தொடங்கி, பின்னாளில் பேக்-12 என்று ஆன பசிபிக் கரைக் குழுவும் அப்படித்தான். 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைகள் பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. அடுத்த வருஷம் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். 2024-இல் பன்னிரண்டில் மிச்சம் நின்றவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இப்போது ஆடுவது அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில். பிக் டென்னில் இப்போது அணிகள் பதினெட்டு, பெயரை மட்டும் மாற்றவில்லை.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது டிவி பணம். பிக் டென் 2023 முதல் ஏழு வருஷத்துக்குப் போட்டுக்கொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் கோச்சின் மதிப்பு எங்கே போகும்? 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலை தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேண்டாம் என்று அனுப்பியது. ஒப்பந்தப்படி அவரைச் சும்மா வீட்டில் உட்கார வைக்கவே ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலை தேசிய இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது. அதே வாரம் அலபாமாவில் ஆறு பட்டம் வாங்கிக் கொடுத்த நிக் சேபன் ஓய்வு பெற, வாஷிங்டன் கோச் கேலன் டிபோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலபாமா போய்விட்டார். கோச் போனால் ஆட்டக்காரர்களும் வேறு பல்கலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது.

ஆக, ஒரு கல்லூரி மாணவனின் விளையாட்டு வாழ்க்கையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அவன் கல்லூரி எந்தக் கூட்டத்தில் இருக்கிறது, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் யார். இரண்டும் அவன் கையில் இல்லை. நம்ம ஊரிலும் இதே இரண்டுதான்.

இனி விழுப்புரம். நம்ம ஊரில் கான்ஃபரன்ஸ் என்ற சொல் கிடையாது. ஆனால் அதே வேலையைச் செய்கிற ஒன்று இருக்கிறது, பல்கலைக்கழக இணைப்பு. ஒரு கலைக் கல்லூரி எந்தப் பல்கலையோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் பல்கலையின் கல்லூரிகளோடுதான் இன்டர் காலேஜியேட் ஆடும். அந்தப் போட்டிகளில் கண்ணில் பட்டவர்களைக் கூப்பிட்டு, செலக்‌ஷன் வைத்து, கேம்ப் போட்டு, பல்கலை அணி என்று ஒன்றை எடுப்பார்கள். அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆரம்பச் சுற்றுகள் நாக்-அவுட், ஒரு மேட்ச் தோற்றால் அன்று இரவே ரயில் ஏற வேண்டியதுதான். முன்னால் வருகிற சில அணிகள் மட்டும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. தென்னாற்காடு என்ற மாவட்டம் 1993-இல் உடைந்து விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும் பல்கலை அதேதான். புதுச்சேரிக் கல்லூரிகளும் ஒரு காலத்தில் இதே கூட்டத்தில்தான் இருந்தன. 1985-இல் புதுவைக்குத் தனிப் பல்கலை வந்ததும் அவை பிரிந்துபோயின. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர், இன்டர் காலேஜியேட் கணக்கில் அன்றே வேற்றூர் ஆகிவிட்டது.

2002-இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து அதன் கீழ் வந்தன. 2021 பிப்ரவரியில் அன்றைய அ.தி.மு.க. அரசு திருவள்ளுவரைப் பிரித்து விழுப்புரத்திலேயே டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று ஒன்றுக்குச் சட்டம் போட்டது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31 அன்று தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி அதைச் சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தது. ஏழு மாதத்தில் இரண்டு கான்ஃபரன்ஸ்! பேக்-12 கூடக் கலைய இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

அன்றைக்குச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பெரிய சண்டை நடந்தது. பெயர், அரசியல், நிதி, ஊர்ப் பெருமை எல்லாம் பேசினார்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. கால்பந்து, கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பது அந்தச் சண்டையில் ஒரு பொருட்டாகவே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் விளையாட்டுக்காகப் பல்கலைகள் இடம் மாறுகின்றன. இங்கே வேறெதற்கோ பல்கலை மாறுகிறது, விளையாட்டு அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டு போகிறது.

இந்த மாற்றங்களால் பிள்ளைகளுக்கு லாபமா, நஷ்டமா? நான் முதலில் நஷ்டம் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவ்வளவு நேராக இல்லை.

ஒரு பல்கலைக்கு ஒரு விளையாட்டில் ஓர் அணிதான். கால்பந்து என்றால் மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து ஏறக்குறைய இருபது ஜெர்சி. சென்னைப் பல்கலையில் இருந்தவரை அந்த இருபதுக்குத் திண்டிவனத்துப் பையன் போட்டியிட்டது லயோலா, கிறித்தவக் கல்லூரி மாதிரி இடங்களின் ஆட்டக்காரர்களோடு. அவர்களில் பலர் சென்னை லீக்கில் கிளப்புக்கு ஆடுகிறவர்கள், புல் தரையும் பூட்ஸும் பழகியவர்கள். நாம் கட்டாந்தரை. திருவள்ளுவர் வந்ததும் சென்னை விலகிப்போனது, நான்கு வடமாவட்டங்களுக்கென்று புதிதாக இருபது ஜெர்சி முளைத்தது. அணியின் பலம் குறைந்திருக்கலாம், தென்மண்டலத்தில் கேரளப் பல்கலைகளோடு மோதினால் தாக்குப்பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் ஜெர்சி போடுகிற வாய்ப்பு கூடியது. அமெரிக்காவிலும் இதே பேரம்தான். பலமான கூட்டத்தில் சேர்ந்தால் பணமும் பேரும் வரும், வெற்றி குறையும்.

கேரளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளப் பல்கலையிலிருந்து 1968-இல் காலிக்கட் பிரிந்தது. 1996-இல் காலிக்கட்டிலிருந்து கண்ணூர் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் அணி முளைத்தது. அந்த ஊர்களில் ஏற்கெனவே கால்பந்து ஊறிக் கிடந்ததால் பிரிவினை அவர்களை மெலிய வைக்கவில்லை. காலிக்கட் அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வாங்கியிருக்கிறது.

அண்ணாமலைக்கு மாறியது இன்னொரு வகை. தூரம் என்று பார்த்தால் லாபம்தான். விழுப்புரத்தில் மயிலாடுதுறைப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் பண்ருட்டி, கடலூர் தாண்டிச் சிதம்பரம் வந்துவிடும். வேலூருக்கு அதைவிட வெகுதூரம், திருவண்ணாமலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். (இன்னொரு வேடிக்கை: சிதம்பரத்தை ஒட்டிய சி. முட்லூரில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிகூட, பக்கத்தில் அண்ணாமலை இருக்க, அதுவரை வேலூரோடுதான் இணைந்திருந்தது.) ஆனால் 1929-இல் தொடங்கிய அண்ணாமலை, இணைப்புக் கல்லூரிகள் இல்லாமல் ஒரே வளாகமாகவே வளர்ந்த பல்கலை. அதற்கென்று சொந்த மைதானம், விடுதி, உடற்கல்வித் துறை எல்லாம் உண்டு. அந்த வளாகத்திலேயே தங்கிக் காலையும் மாலையும் பயிற்சி எடுக்கிற மாணவனோடு, மாலை வகுப்பு முடிந்து கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற செஞ்சிப் பக்கத்துப் பையன் அதே இருபது ஜெர்சிக்குப் போட்டியிட வேண்டும்.

பல்கலை மாறும் வருஷங்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய மாணவர்கள் பழைய பல்கலையிலேயே படிப்பை முடிப்பார்கள், புதிதாகச் சேர்பவர்கள் புதிய பல்கலை. ஒரே கல்லூரி, ஒரே மைதானம், கோல் கீப்பர் ஒரு பல்கலை, ஃபார்வர்டு இன்னொரு பல்கலை!

ஜெர்சிக்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். ஃபார்ம் த்ரீ என்று ஒரு காகிதம் இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை எடுப்பதற்கு 1980-இல் வந்த உத்தரவில் சான்றிதழ்களை வகை பிரித்தார்கள். நாட்டுக்கு ஆடியவருக்கு ஒன்றாம் படிவம், மாநிலத்துக்கு ஆடியவருக்கு இரண்டு, பல்கலைகளுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்காக ஆடியவருக்கு மூன்று. கல்லூரிக்காக நூறு கோல் போட்டாலும் இந்தப் பட்டியலில் இடம் இல்லை. பல்கலை ஜெர்சியோடு இறங்கியிருக்க வேண்டும். பதக்கம் வாங்கியவருக்குத்தான் முன்னுரிமை, வெறுமனே பங்கேற்றவர் வரிசையில் கடைசி. ஆனால் அந்த வரிசையில் போய் நிற்பதற்கே ஃபார்ம் த்ரீ வேண்டும். கிராமத்திலிருந்து வருகிற பையனுக்கு டிகிரியைவிட அது பெரிய காகிதமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்தது கோச். அரசு கலைக் கல்லூரியில் கோச் என்று தனியாக ஒருவர் கிடையாது. உடற்கல்வி இயக்குநர் இருப்பார், பி.டி. சார். கால்பந்து, கபடி, தடகளம், செஸ் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். முதுகலை உடற்கல்விப் பட்டம், நெட் அல்லது செட் தேர்ச்சி இல்லையென்றால் முனைவர் பட்டம், இதெல்லாம் தகுதிகள். இதற்கு மேல் பல்கலைக்கழக மானியக் குழு ஓட்டத் தேர்வும் வைத்திருக்கிறது: முப்பது வயதுக்குட்பட்ட ஆண் பன்னிரண்டு நிமிடத்தில் 1,800 மீட்டர் கடக்க வேண்டும். (இயற்பியல் பேராசிரியருக்கும் இப்படி ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும்.) சம்பளம் மற்ற உதவிப் பேராசிரியர்களுக்கு இணையானது. ஜெயித்தாலும் தோற்றாலும் அதே சம்பளம். யாரும் அவரை வேலையை விட்டுத் துரத்தப் போவதில்லை, கோடி கொடுத்துக் கொத்திக்கொண்டு போகவும் போவதில்லை. அவர் இடம் மாறுவது கலந்தாய்வில், சொந்த ஊருக்குப் பக்கமாக. இல்லையென்றால் ஓய்வு பெறும்போது. அதன் பிறகு அந்த நாற்காலி எத்தனை நாள் காலியாக இருக்கும் என்பது அந்தக் கல்லூரியின் அதிர்ஷ்டம்.

இந்த இடத்தில்தான் நம்ம கதை அமெரிக்காவைவிடக் கடுமையாக இருக்கிறது. அங்கே கோச் மாறினால் ஆட்ட உத்தி மாறும். இங்கே ஆள் மாறினால் ஆட்டமே மாறிவிடும். ஒவ்வொரு பி.டி. சாருக்கும் தான் ஆடி வளர்ந்த விளையாட்டு ஒன்று இருக்கும். அதில்தான் அவருக்குக் கண் இருக்கும், பழக்கமான கிளப்புகள் இருக்கும், பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூட்டிவரத் தெரியும். கால்பந்துக்காரர் போய்க் கபடிக்காரர் வந்தால் மூன்று வருஷத்தில் அந்தக் கல்லூரியின் கோல் போஸ்ட்டில் துணி காயும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு மனுஷன் எத்தனை ஆட்டம் சொல்லித்தர முடியும்?

இதற்கிடையில் நல்ல ஆட்டக்காரர்கள் பள்ளி முடித்ததுமே ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைப் பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே நிகர்நிலைப் பல்கலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிப் பல்கலை என்பதால், இணைப்புக் கல்லூரிகளின் போட்டி எதுவும் இல்லாமல் தனக்கென்று முழு அணியையே அனுப்பலாம். கட்டணம் இல்லாத சீட்டும் விடுதிச் சாப்பாடும் கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்? நம்ம ஊரின் டிவி பணம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

இணைப்புப் பிரச்சினையே இல்லாமல் ஊர்க் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதுகிற இடம் ஒன்று உண்டு, முதலமைச்சர் கோப்பை. மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு. கலை, பொறியியல், பாலிடெக்னிக், எந்தப் பல்கலை என்று பார்ப்பதில்லை. நல்ல பரிசுத் தொகையும் உண்டு. ஆனால் அங்கே ஃபார்ம் த்ரீ கிடைக்காது.

என்னோடு படித்த ஒருவன் அருமையான கோல் கீப்பர். தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலை செலக்‌ஷனுக்கு ராத்திரி பஸ் ஏறிப் போனான். அவனைவிட நன்றாக ஆடுகிற மூன்று கீப்பர்கள் அங்கே இருந்தார்களாம். "சரியாத்தான் எடுத்தாங்க" என்று அவனே சொல்வான். இப்போது அவன் அக்கா மகன் நம்ம மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், அவனும் கீப்பர். போன வருஷம் அங்கே பி.டி. சார் மாறினார். புதிதாக வந்தவர் வாலிபால்காரர். பையன் உயரம் ஐந்தடி பதினொன்று அங்குலம். முதல் நாளே அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து நெட் பக்கம் வா தம்பி" என்றாராம். இப்போது ப்ளாக்கிங் பழகிக்கொண்டிருக்கிறான். வாலிபாலில் பல்கலை அணிக்குப் பன்னிரண்டு பேர்தான் எடுப்பார்கள் என்று மாமாவிடம் கவலைப்பட்டிருக்கிறான்.