ஈஸ்ட்டுக்குப் பத்தியமா?

காலையில் பல் துலக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சிலைத் துப்பிவிட்டுக் கால் மணி நேரம் பார்க்க வேண்டுமாம். நூல் நூலாகக் கீழே இறங்கினால் உடம்பில் ஈஸ்ட் பெருகிவிட்டதாம். இறங்குவது எச்சிலில் உள்ள கோழைப் பொருள். நோயில்லாதவர் துப்பினாலும் இறங்கும். இதில் 'தேறாதவர்களுக்கு' விதிக்கப்படும் பத்தியமோ கடுமையானது: சர்க்கரை, பழம், மைதா, ரொட்டி, புளிக்கவைத்த பண்டம் எதுவும் ஆகாது. இந்தப் பேச்சைப் பரப்பியதில் பெரும்பங்கு அமெரிக்க மருத்துவர் வில்லியம் குரூக் 1983-இல் வெளியிட்ட 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்' நூலுக்கு உண்டு. தீராத களைப்பு, தலைவலி, மனச்சோர்வு எனப் பலவற்றுக்கும் அவர் கேண்டிடா என்ற ஈஸ்ட்டைக் காரணம் காட்டினார். நலமாக இருக்கும் பலரின் வாயிலும் குடலிலும் அது சாதுவாகக் குடியிருப்பதுதான். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட்டைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தை 42 பெண்களிடம் சோதித்தார்கள். பிறப்புறுப்புத் தொல்லை குறைந்தது. களைப்பு, சோர்வு விஷயத்தில் மருந்தும் வெற்று மாத்திரையும் ஒன்றாகவே இருந்தன. மருந்தால் ஆகாதது பட்டினியால் ஆகுமா?

சர்க்கரைதானே ஈஸ்ட்டின் தீனி என்று கேட்கலாம். சோதனைக் குழாயில் சரி. நாம் தின்னும் இனிப்பில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. நலமான 28 பேருக்குக் கூடுதலாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்த 1999-ஆம் ஆண்டு ஆய்விலும் கேண்டிடா சொல்லும்படியாகப் பெருகவில்லை. ரொட்டி ஈஸ்ட் வேறு இனம். அடுப்பில் வெந்ததும் செத்துவிடும். இட்லியை ஒதுக்குவதற்கும் காரணம் இல்லை.

நீரிழிவுக்காரர்களுக்கு அரிப்பும் வெண்படலமும் அடிக்கடி வருகிறதே என்பது வலுவான கேள்வி. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும். அந்த ஈரத்தில் ஈஸ்ட் கொழுக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுவோருக்கு, இனிப்பையே தொடாவிட்டாலும், இதே தொற்று வரலாம். ஆக, தட்டில் இருப்பதைவிட இரத்தத்திலும் சிறுநீரிலும் இருப்பதுதான் கணக்கு. குடலில் ஈஸ்ட் சாராயமே காய்ச்சிவிடும் அபூர்வ நோய் ஒன்று உண்டு. அதில் மாவுச்சத்தைக் குறைப்பார்கள், பூஞ்சை மருந்தோடு சேர்த்து. பத்தியம் இருந்தவர்கள் தெம்பாக உணர்வது பொய்யல்ல. பலகாரத்தையும் மதுவையும் விட்டால் யாருக்கும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். அதற்கு ஈஸ்ட் சாக வேண்டியதில்லை. தொற்று திரும்பத் திரும்ப வந்தால் பார்க்க வேண்டியவை வேறு: இரத்தச் சர்க்கரை, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், இரவில் கழற்றாத பல்செட், ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் கொப்பளிக்காத வாய்.