பத்தாம்பசலி யார்?

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று அம்மா தடுத்தார். "நீங்க சுத்தப் பத்தாம்பசலிம்மா!" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாதான் நிமிர்ந்து, "பசலின்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பழைய மனப்போக்கு உடையவர்களைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களைத் தேடத் தொடங்கியது அன்றுதான்.

பசலி என்பது ஓர் ஆண்டுக் கணக்கு. அறுவடை, பருவம் ஆகிய பொருள்களைத் தரும் 'ஃபஸ்ல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. நிலவரி வசூலிப்பதற்காக அக்பர் காலத்தில் ஏற்பட்ட இம்முறை, தமிழ்நாட்டு வருவாய்த் துறைக் கணக்குகளில் இன்றும் வழங்குகிறது. அங்கே பசலி ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கும். அது தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அவ்வாறெனில், பத்தாம் பசலி கி.பி. 600இல் வரவேண்டும். கணக்கு தோன்றியதோ 16ஆம் நூற்றாண்டில்! ஆகவே, பத்தாம் பசலியில் வாழ்ந்த எவருக்கும் தாம் வாழ்வது பத்தாம் பசலி என்று தெரிந்திருக்க வழியில்லை. ஒருவரை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளும் இக்கேலி, வரிக் கணக்கிலிருந்து வந்திருக்கிறது.

இதற்கு உறவான சொற்கள் பல உண்டு. சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து இவ்வாண்டு நாள் பார்க்க முடியாது. அதனால் காலம் மாறியதை உணராதவர் 'பழம்பஞ்சாங்கம்' ஆனார். 'கட்டுப்பெட்டி' என்பது மூடியுள்ள பெட்டி. இச்சொல் பெரும்பாலும் பெண்களின்மீதே வீசப்படுகிறது. 'சரியான கர்நாடகம்' என்றால் பழைய பாணி ஆள் என்று பொருள். அதே சொல் இசை மேடை ஏறினால் பெருமையாகிவிடுகிறது! 'பட்டிக்காடு' என்பது ஒருவர் பிறந்த ஊரையே அவருடைய குற்றமாக்கும் சொல். நம் நாட்டில் இவற்றோடு 'கோலோட்' என்ற மலாய்ச் சொல்லும் சேர்ந்துகொண்டது.

இவையெல்லாம் கேலிச் சொற்கள். உடை, பேச்சு, பழக்கம் ஆகியவற்றைத்தான் தொடும். காலையில் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும்.

'வாதி' என்று முடியும் சொற்கள் அத்தகையவை அல்ல. பழையதே நல்லது என்று கருதி அதற்காக வாதிடுபவர் பழமைவாதி. அவரோடு நாம் எதிர்வாதம் செய்யலாம். பிற்போக்குவாதி என்பது இன்னும் கனமான சொல். முற்போக்கு என்பதற்கு எதிரிணையாக நிற்பது. பழையதை வைத்துக்கொள்வதோடு நில்லாமல், சமுதாயத்தையே பின்னோக்கி இழுப்பவரை அது குறிக்கிறது. மரபைப் போற்றுபவர் இவ்விருவரிலும் வேறானவர். தொல்காப்பியம் 'மரபியல்' என்று ஓர் இயலையே வகுத்திருக்கிறது. மரபு என்பது நம் மொழியில் மதிப்புக்குரிய சொல்.

பழையது எது, புதியது எது என்பதும் நிலையானதன்று. 1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் ணை, லை, னை போன்ற சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது அது புதுமை. 1978இல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது; பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவை வழக்கிற்கு வந்தன. இன்று அவ்வெழுத்துகளே நமக்கு மரபு. அவற்றை மாற்றவேண்டும் என்று ஒருவர் புறப்பட்டால், எதிர்த்து நிற்கும் 'பழமைவாதிகள்' நாமாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் இச்சொற்களை எப்படி அளந்து பயன்படுத்துவது? நாம் செய்யும் தவறு இரண்டு வகைப்படும். சொற்போர் மேடையில், புடவை கட்டுவதையும் பெரியவர் காலில் விழுவதையும் ஆதரித்துப் பேசும் தோழியைப் 'பிற்போக்குவாதி' என்கிறோம். அவருடைய பழக்கத்தால் எவருக்கும் தீங்கில்லை. மறுபுறம், திருமணப் பேச்சில் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கும் உறவினரையும், பெண் பிள்ளைக்கு எதற்கு மேற்படிப்பு என்பவரையும், "அவர் கொஞ்சம் பழைய ஆள், அப்படித்தான் பேசுவார்" என்று சிரித்து விட்டுவிடுகிறோம். அவருடைய பேச்சால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே திசைமாறக்கூடும். கனமான சொல்லைத் தீங்கற்றவர்மீது வீசிவிட்டு, அது உண்மையில் தேவைப்படும் இடத்தில் மெல்லிய சொல்லைத் தேடுகிறோம். ஒரு கருத்து எவ்வளவு பழையது என்பதைவிட, அதனால் யார் பாதிக்கப்படுகிறார் என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

என் அம்மாவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். அக்காவைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பக்கூடாது என்று உறவினர்கள் கூடிப் பேசியபோது, தனியாக நின்று வாதாடியவர் அவர். வேலை முடிந்து வந்து, இரவில் எங்கள் இருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. பத்து மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்றது பயத்தால்; சாலையில் நடப்பவற்றை நாள்தோறும் நாளிதழில் படிப்பவருக்கு வரக்கூடிய பயம்.

விடுமுறை முடிந்து பேருந்து நிலையத்திற்குக் கிளம்பும்போது பசலிக் கணக்கை அம்மாவிடம் விளக்கினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு வயசா எனக்கு?" என்று சிரித்தார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார். விடுதியை அடைந்தபோது இரவு பதினொன்றரை. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார்.