வாய்க்கால் ஏறாத ஊர்: ஸ்கார்லெட் எப்ஸ்டீன் கண்ட மண்டியா

தண்ணீர் வந்தால் ஊர் மாறும் என்பது நாம் எல்லோரும் சொல்கிற பேச்சு. பயிர் மாறும், கையில் காசு புரளும், அது சரி. ஆனால் மனுஷனுக்கும் மனுஷனுக்கும் உள்ள உறவு மாறுமா? இந்தக் கேள்வியோடு மண்டியாப் பக்கத்து இரண்டு கிராமங்களை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தவர் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் அம்மையார்.

அவர் 1922இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அகதியாகி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். மான்செஸ்டரில் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதன் பிறகே பொருளாதாரமும் மானிடவியலும் படித்தார். பிழைப்பு தேடி ஊர் விட்டு வந்தவர்களின் கஷ்டம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

1954இல் மைசூர் மாநிலத்துக்கு வந்து 1956 வரை தங்கினார். கண்ணம்பாடி அணை என்று நாம் சொல்லும் கிருஷ்ணராஜ சாகர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கட்டி முடிந்திருந்தது. காவிரித் தண்ணீர் விசுவேசுவரய்யா கால்வாய் வழியாக மண்டியா வயல்களுக்குப் பாய்ந்தது. 1933இல் சர்க்கரை ஆலையும் வந்துவிட்டது. கேழ்வரகு விளைந்த சீமையில் கரும்பு நின்றது.

அவர் தேர்ந்தெடுத்த இரண்டு ஊர்களுக்கும் வங்கலா, தலேனா என்று புனைபெயர் வைத்தார். வங்கலாவுக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தது. தலேனாவின் நிலமோ கால்வாயை விட மேட்டில் இருந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் இந்த ஊர் மட்டும் மானாவாரி. எந்த ஊர் அதிகம் மாறியிருக்கும்? தண்ணீர் வந்த ஊர்தான் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம்.

வியாபாரியாகிய எனக்கு இந்த அம்மாவிடம் பிடித்தது அவர் கணக்குத்தான். வீடு வீடாகப் போய் வரவு செலவு எழுதினார். ஒரு ஏக்கர் கரும்புக்கு எத்தனை ஆள் வேலை, என்ன செலவு, என்ன மிச்சம் என்று பார்த்தார். பழங்காலக் கணக்குப்பிள்ளை தோற்றுப்போவார்!

கணக்கு சொன்ன விடை வேறு. வங்கலாவில் பணம் வந்தது, ஆனால் பழைய ஏற்பாடு கலையவில்லை. ஒக்கலிக விவசாயி தன் நிலத்திலேயே இருந்து இன்னும் நன்றாக உழுதார். ஆதி கர்நாடக ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தந்த வீட்டு வேலைக்கே கட்டுப்பட்டிருந்தார்கள். கரும்பு அந்தக் கட்டை இன்னும் இறுக்கியது என்றே சொல்லலாம்.

தலேனாக்காரர்கள் என்ன செய்வார்கள்? வெளியே போனார்கள். சிலர் வண்டி கட்டிக் கரும்பு ஏற்றினார்கள். சிலர் மண்டியா ஆலையிலும் ஆபீசிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாவு மில் வைத்தவர் உண்டு, பக்கத்து ஊரில் நஞ்சை வாங்கியவரும் உண்டு. நாலு வழியில் பணம் வந்தபோது பழைய ஊர்ப் பெரியதனம் ஆட்டம் கண்டது. பரம்பரை ஆள் கட்டும் அறுந்தது. 1962இல் வெளிவந்த அவர் நூலின் சாரம் இதுதான்: இருக்கும் தொழிலே பெருத்தால் பழைய உறவு நிலைக்கும், தொழில் பலவாகப் பிரிந்தால்தான் சமூகம் மாறும்.

கட்டு அறுந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். பண்ணையாளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு தானியம் என்று பழைய வழக்கம். அமோகமாக விளைந்தாலும் அவனுக்குக் கூடாது, பொய்த்தாலும் குறையாது. நல்ல வருஷத்து லாபம் எசமானுக்கு, கெட்ட வருஷத்துக் கஞ்சி ஆளுக்கு. அடிமைத்தனமும் பாதுகாப்பும் ஒரே கயிற்றில் முறுக்கியிருந்தன. கயிறு அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

1970இல் திரும்பி வந்தபோது அவர் கண்டது இதைத்தான். வசதி உள்ளவர் மேலும் வளர்ந்திருந்தார், நிலமில்லாத தலித் குடும்பங்கள் பின்தங்கியிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்த இடத்தில் பெண் வீட்டார் வரதட்சணை கொடுக்கும் வழக்கம் நுழைந்திருந்தது. ஆகக் கரும்புப் பணத்தின் கணக்கை வயலோடு முடிக்க முடியாது, பெண்ணைப் பெற்றவர் வீட்டிலும் பார்க்க வேண்டும். 1973இல் இவற்றை எழுதி, இனி என்ன ஆகும் என்றும் கணித்துச் சொன்னார். ஆராய்ச்சியாளர் பலர் ஒருமுறை வந்து, பட்டம் வாங்கி, போய்விடுவார்கள். இவரோ தன் கணிப்பைச் சோதிக்க மறுபடி வந்தார். 1998இல் சூரியநாராயணா, திம்மேகௌடா ஆகியோரோடு சேர்ந்து நாற்பதாண்டு மாற்றத்தை நூலாக்கினார்.

முதுமையில் அவர் வலியுறுத்தியது ஒன்று: கிராமத்தானைப் பெருநகரத்துக்கு இழுக்காதீர்கள், தொழிலைக் கிராமத்துக்குப் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கொண்டு போங்கள். 2014இல் அவர் காலமானார்.

நாமும் பெரும்பாலோர் ஒரு தலேனாவிலிருந்து வந்தவர்கள்தாம். மழை பொய்த்தோ நிலம் போதாமலோ கிளம்பி, வந்த இடத்தில் கடையும் வேலையும் பிள்ளைகளுக்குப் படிப்பும் தேடிக்கொண்டோம். கிளம்ப முடியாதவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு ஊர் போகும்போது தேருக்கு எவ்வளவு வசூல் என்று கேட்கிறோம். நிலமில்லாத வீட்டில் இந்த ஆண்டு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்றும் கேட்டு வருவோம்.