உங்களுக்குத் தெரியுமா? குறட்டைக்குச் சிகிச்சை கணவருக்கு, கூடுதல் உறக்கம் மனைவிக்கு!

• அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் 1999இல் வெளியிட்ட ஆய்வில், குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ‘உறக்க மூச்சுத்திணறல்’ கொண்ட பத்துக் கணவர்களுக்குப் பாதி இரவில் சிகிச்சை தொடங்கியதும், அருகில் படுத்திருந்த மனைவியரின் விழிப்பு மணிக்கு ஏறத்தாழ 21 முறையிலிருந்து 12ஆகக் குறைந்தது. அவர்களின் உறக்கமும் மேம்பட்டது; இரவொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்குவதற்கு அந்த மாற்றம் சமம்.

• அச்சிகிச்சைக்கு உதவிய ‘சிபாப்’, முகமூடி வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அதனை 1981இல் அறிமுகப்படுத்தினார்.

• மல்லாந்து படுக்கையில் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிவதால் குறட்டை வலுக்கும். ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பத்தில் தனியறைக்கு வழியில்லாதபோது, பனியனின் முதுகுப்புறத்தில் சிறு பந்தொன்றைத் தைத்து ஒருக்களித்துப் படுக்கச் செய்வது செலவில்லாத முதல் முயற்சி.

• குறட்டை சட்டென நின்று, சில நொடி நிசப்தத்திற்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்குமானால், அது உறக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். அதனை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் விழித்திருக்கும் துணையே என்பதால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அவரும் உடன் செல்வது மிக அவசியம்.