பெட்ரோல் குடிப்பது காரா, காலா?

சேத்தியாத்தோப்பு நாற்சந்தியில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். விருத்தாசலம், சிதம்பரம், வடலூர், கும்பகோணம் என்று நான்கு திசைக்கும் பிரியும் சாலை அது. வாடகைக் கார் ஒன்று டீக்கடை முன்னால் வந்து நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி டீ குடிக்கிறார். என்ஜினை நிறுத்தவில்லை. பத்து நிமிஷம் அது உறுமிக்கொண்டே இருக்கிறது. நின்ற இடத்திலேயே ஓடும் சிறிய காருக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் வேண்டும். டீ குடித்தவர் ஒருவர். காசு கொடுப்பதோ இரண்டு டீக்கு!

பெட்ரோலின் அருமை நம்மவர்க்குப் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941-இல் ரேஷன் வந்தது. பஸ்களின் பின்னால் பெரிய உருளைகளைக் கட்டி, அவற்றில் கரியைப் புகைய விட்டு, வரும் வாயுவைக் கொண்டே ஓட்டினார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் அந்த உருளைகளைத் தயாரித்தே கொடுத்தார்கள். பிறகு 1973-இல் அரபு நாடுகள் கையை இறுக்கின. பீப்பாய் மூன்று டாலர் சுமாருக்கு விற்ற எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கிற்று. பணக்கார அமெரிக்காவே 1974-இல் மணிக்கு 55 மைலுக்கு மேல் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டது.

வேகத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால், எதிர்த்துத் தள்ளும் காற்றின் பலம் நான்கு மடங்காகிறது. கூரைமேல் வெறும் கேரியர் இருந்தாலும் அதற்கும் சேர்த்துத்தான் செலவு. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று பெட்ரோலியச் சேமிப்புச் சங்கம் சொல்லி வருகிறது. அவசரக்காரர்களுக்கு இது ரசிக்காது! ஆனால் சீறிப் பாய்வதும் சடக்கென்று பிரேக் போடுவதுமாக ஓட்டுகிறவர், பெட்ரோலைச் சூடாக்கிச் சக்கரத்தில் கரைத்துவிடுகிறார்.

பழைய பாடம் ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டும். வெள்ளாற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது கார்புரேட்டர் காலத்து வழக்கம். இன்ஜெக்ஷன் வைத்த இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் தானே நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் உயிரோடிருக்கப் பெட்ரோல் கேட்கும். என்ஜினின் பிடியும் போய்விடுவதால் ஆபத்து வேறு.

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 200 லிட்டர் வேண்டும். நிதானத்தால் அது 17 ஆனால் 176 லிட்டர் போதும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மிச்சம் 2,400 ரூபாய். சொந்த வண்டிக்குத் தவணை கட்டுகிறவருக்குத் தெரியும் அதன் மதிப்பு.

டயரில் காற்று குறைந்தால் இந்த மிச்சமும் தேய்ந்துவிடும். காற்றை வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் பார்ப்பதே சரி. எவ்வளவு என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. பல கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் அச்சிட்டே ஒட்டியிருக்கிறது.