பதினோராம் பக்கம் எங்கே?

நேயர்களுக்கு வானொலி நாடகம் என்பது அரை மணி நேரக் கதை. எங்களுக்கு அது கையில் பிடித்திருக்கும் காகிதக் கட்டு. ஆறு கலைஞர்கள், ஆளுக்கு ஒரு பிரதி. தாளைப் புரட்டும் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதற்காகப் பின்னைக் கழற்றிவிட்டுத் தனித்தனித் தாளாகவே வைத்திருப்போம்.

கடந்த தீபாவளி நாடக ஒலிப்பதிவில், அப்பா வேடம் ஏற்ற அண்ணனின் கையிலிருந்து மொத்தக் கட்டும் நழுவித் தரையில் பரவியது. பொறுக்கி எடுத்து அடுக்கப் பார்த்தால் ஒரு தாளிலும் பக்க எண் இல்லை. "பதினோராம் பக்கம் எங்கே?" என்று ஒருவர் கேட்க, "இதுதான் பதினொன்னா, பதினாலா?" என்று இன்னொருவர் கேட்க, வசனங்களைப் படித்துப் பார்த்து வரிசைப்படுத்தவே இருபது நிமிடம் போய்விட்டது. கூடத்தை அடுத்த குழுவுக்கு விட வேண்டிய நேரம். கடைசிக் காட்சியை ஓட்டமும் நடையுமாகப் பதிவு செய்தோம்.

"அடுத்த தடவை கண்ணு தெரிஞ்ச யாராவது ஒரு தரம் பார்த்துட்டு அனுப்பச் சொல்லுங்க" என்றார் பொறுப்பாளர். அவசரத்தில் வந்த வார்த்தைதான். ஆனால், அந்த நாடகத்தை எழுதிய தம்பி, வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு அதே கூடத்தின் மூலையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு அவரே என்னை அழைத்தார். "எண் போட்டிருந்தேன் அக்கா. நேத்து ராத்திரி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

வசனத்துக்குள் புகுந்த ஏழு

பள்ளிக்காலம் முதல் அவர் பக்க எண்ணைக் கையால் தட்டச்சு செய்துதான் பழகியிருக்கிறார். பக்கம் முடியும் இடத்துக்குப் போய் 1, அடுத்ததில் 2, இப்படியே. ஒலிப்பதிவுக்கு முதல் நாள் மூன்றாவது காட்சியில் எட்டு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். அவ்வளவுதான், அதற்குக் கீழே இருந்த எல்லாம் இறங்கிவிட்டன. பக்கத்தின் அடியில் இருக்க வேண்டிய 7, அடுத்த பக்கத்தில் அம்மாவின் வசனத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. "சோறு வெச்சிருக்கேன், ஏழு, சாப்பிட்டுப் போ" என்று கணினி வாசித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று நகர்ந்தது. விடியற்காலை ஒரு மணிக்கு மனம் வெறுத்து எல்லா எண்களையும் அழித்துவிட்டார்.

"நாடகம் போகட்டும் அக்கா. மூணு வாரத்துல பல்கலைக்கழகத்துல அறிக்கை ஒப்படைக்கணும். அறுபது பக்கம். இதுவரைக்கும் தங்கச்சிதான் கடைசியில எண் போட்டுக் கொடுப்பா. இப்போ அவ சபாவுல ஆசிரியர். நாளைக்கு வேலைக்குப் போனா, ஆபீஸ்ல யாரைக் கூப்பிடறது?"

"ரொம்பச் சுலபம்பா. மேலே இன்செர்ட்னு இருக்கும், அதை கிளிக் பண்ணு, வலது பக்கமா..."

"எந்த மேலே அக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள், காதுகளுக்கு மட்டுமே பேசிப் பிழைப்பவள் நான். கண்ணால் மட்டுமே பின்பற்றக்கூடிய ஒரு வழியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காதால் ஒரு பாடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம். நடைபாதைகளில் கோலுக்கும் காலுக்கும் வழி சொல்லும் மேடுபள்ளக் கற்கள் பதித்திருப்பார்கள். தம்பியின் வாடகை அறை அங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

அவருடைய மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருந்தது. திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் இது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கியது. முற்றிலும் இலவசம், தமிழையும் வாசிக்கும். தம்பி வைத்திருக்கும் வேகத்தில் நான் செய்தி வாசித்தால் என் வேலை போய்விடும்!

அவர் திரையின் வெளிச்சத்தை முழுவதுமாகக் குறைத்தார். "இப்போ சொல்லுங்க அக்கா" என்றார். சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் நம்பி இறங்கினோம்.

மைக்ரோசாப்ட் வேர்டில் ஆல்ட் விசையைத் தட்டிவிட்டு, என், என், யு என்ற எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் பக்க எண் பட்டியல் திறக்கும். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் ஒவ்வொரு தேர்வையும் குரல் சொல்லும். "பாட்டம் ஆஃப் பேஜ்" என்று கேட்டதும் வலது அம்புக்குறி. "பிளெய்ன் நம்பர் 1" என்றால் எண் இடப்பக்கம் வரும், 2 என்றால் நடுவில், 3 என்றால் வலப்பக்கம். வேண்டியதில் என்டர். எல்லாப் பக்கங்களுக்கும் எண் வந்துவிடும். எத்தனை வரி சேர்த்தாலும் நீக்கினாலும் கணினியே எண்ணிக்கொள்ளும்.

"பார்த்தியா, முடிஞ்சிடுச்சு" என்று பெருமையாக "காட்சி நான்கு" என்று தட்டச்சு செய்தேன். தம்பி சிரித்தார். எண்ணைப் போட்டதும் கர்சர் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே எழுதுவது எல்லாப் பக்கங்களிலும் விழும். இருபத்து நான்கு பக்க நாடகத்தில் இருபத்து நான்கு முறை "காட்சி நான்கு"! கண்ட்ரோல், இசட் அழுத்தி அழித்தேன். அங்கிருந்து வெளியே வர ஆல்ட், ஜே, எச், சி. "குளோஸ் ஹெடர் அண்ட் ஃபூட்டர்" என்ற கட்டளை அது. கண்ணால் பார்ப்பவருக்கு எழுத்துகள் மங்குவது தெரியும். காதால் கேட்பவர் நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு. இந்த ஒரு படியைத்தான் பலரும் சொல்லிக்கொடுக்க மறக்கிறோம்.

முகப்புப் பக்கத்தின் சிக்கல்

நாடகத்துக்கு இது போதும். அறிக்கைக்குப் போதாது. முகப்பில் எண் கூடாது, நன்றியுரையும் பொருளடக்கமும் ரோமன் எண்ணில் இருக்க வேண்டும், முதல் அத்தியாயம் 1 என்று தொடங்க வேண்டும் என்பது துறையின் விதி.

முகப்பை விலக்குவதற்கு ஆல்ட், என், ஓ, இ அழுத்தி அடிப்பகுதிக்குள் போனோம். பிறகு ஆல்ட், ஜே, எச், ஏ. "டிஃபரண்ட் ஃபர்ஸ்ட் பேஜ்" என்ற கட்டம் தேர்வாகி, முகப்பின் எண் மறைந்தது.

அடுத்து, முதல் அத்தியாயத்தின் தலைப்புக்கு முன்னால் கர்சரை நிறுத்தி, ஆல்ட், பி, பி, என். ஆவணம் அந்த இடத்தில் இரண்டு பிரிவாகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எண் முறை கொடுக்கலாம். முதல் பிரிவில் நின்று ஆல்ட், என், என், யு, எஃப் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். டேப் விசையால் நகர்ந்தால் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் என்விடிஏ சொல்லும். எண் வடிவத்தில் ரோமனைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் பிரிவுக்கு வந்து அதே பெட்டியில் "ஸ்டார்ட் அட்" என்ற கட்டத்தில் 1 கொடுத்தோம்.

எல்லாம் சரி என்று நினைத்தால், முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் எண்ணே இல்லை. அரை மணி நேரம் இருவரும் தலையைச் சொறிந்தோம். தம்பிதான் கண்டுபிடித்தார். புதிய பிரிவு, முந்தைய பிரிவின் "முதல் பக்கம் வேறு" என்ற விதியையும் பரம்பரைச் சொத்துபோல் எடுத்துக்கொள்கிறது! இரண்டாம் பிரிவின் அடிப்பகுதிக்குள் போய் அந்தத் தேர்வை நீக்கியதும் 1 வந்து நின்றது. அதை அவர் காதால் கேட்டுத்தான் உறுதிசெய்தார். அடிப்பகுதிக்குள் நின்று அந்த வரியை வாசிக்கச் சொன்னால் "1" என்று குரல் சொல்கிறது.

வேர்டின் பதிப்புக்கு ஏற்ப இந்த எழுத்துகள் சில மாறலாம். கட்டளைகளின் பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடிப் பிடித்துவிடலாம்.

சரிபார்க்கும் வழிகள்

இன்செர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்ட் விசையை அழுத்தினால், என்விடிஏ நிலைப்பட்டியை வாசித்து, மொத்தப் பக்கங்களில் எத்தனையாவதில் இருக்கிறோம் என்று சொல்லும். ஆனால் வழக்கமாக அது முகப்பையும் சேர்த்து எண்ணும் கணக்கு. அச்சில் விழும் எண்ணோடு பொருந்தாவிட்டால் பயப்பட வேண்டாம். இன்செர்ட், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆவண வடிவமைப்பு அமைப்புகள் வரும். அங்கே "பேஜ் நம்பர்ஸ்" தேர்வாகியிருந்தால், ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது குரல் தானே சொல்லும்.

தலைப்புகளை எழுத்தைத் தடிமனாக்கி நிறுத்திவிடாமல், கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தித் தலைப்பு வகையாகவே குறித்தால் இரட்டைப் பலன். இன்செர்ட், எஃப்7 அழுத்தித் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவலாம். பொருளடக்கத்தையும் பக்க எண்ணோடு கணினியே தயாரித்துவிடும். பிறகு மாற்றம் செய்தால், பொருளடக்கத்தின் மேல் நின்று எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். புதிய பக்கம் வேண்டுமென்றால் என்டரைப் பத்து முறை தட்ட வேண்டாம், கண்ட்ரோல் என்டர் ஒரு முறை போதும். பத்து வெற்று வரிகளை "பிளாங்க், பிளாங்க்" என்று கேட்பவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும்.

கூகுள் டாக்ஸிலும் இன்செர்ட் பட்டியலில் பக்க எண் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில், 2023-இல் வந்த 7.6 பதிப்பு முதல், பக்க எண்ணுக்கென்றே தனிப் பெட்டி உண்டு.

ஒரே ஒரு முறை

மாலை ஆறு மணிக்குத் தம்பி திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். "இப்போ ஒரே ஒரு தடவை பாருங்க அக்கா." அறுபது பக்கத்தையும் உருட்டிப் பார்த்தேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தங்கைக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "நானே போட்டுட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியில் என் அலுவலக ஆவணங்களை நினைத்துக்கொண்டேன். கண் நன்றாகத் தெரிந்தும் எத்தனை முறை எண்ணைக் கையால் தட்டியிருக்கிறேன், எத்தனை தலைப்புகளைத் தடிமனாக்கி மட்டும் விட்டிருக்கிறேன்! அவற்றில் ஒன்றைத் திரைவாசிப்பானில் கேட்க நேர்ந்த யாரோ ஒருவர் என்னைச் சபித்திருப்பார்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பார்வைக் குறைபாடு உள்ளவர் கணினி பயன்படுத்தினால், "கொடு, நான் போட்டுத் தர்றேன்" என்று மடிக்கணினியை வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சுட்டியைத் தள்ளி வையுங்கள். எந்த விசை, என்ன குரல் வரும், எப்படி வெளியே வருவது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மதிய நேரம் செலவாகும். அதற்குப் பிறகு அவர் உங்களைக் கூப்பிடமாட்டார். அதுதானே நமக்கும் வேண்டியது?

பொங்கல் நாடகம் போன மாதம் வந்து சேர்ந்தது. அச்சடித்துப் பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் கடைசித் தாளின் அடியைப் பார்த்தார். "26 இல் 26" என்றிருந்தது. மொத்தப் பக்க எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுவது நான் சொல்லிக்கொடுக்காதது.

"யார் போட்டது?" என்று கேட்டார்.

"எழுதினவர்தான்" என்றேன்.