ஆதிச்சநல்லூர் சேவலும் பெனின் சேவலும்: தொல்பொருள் ‘எங்கே கிடைத்தது’ என்பது ஏன் முக்கியம்?

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் உள்ளது எடத்தனூர். அந்த ஊர் நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டுக் கல் அது. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்பவர் உயிர்விட்டதையும், கோவிவன் என்ற நாய் திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் அதில் உள்ள எழுத்து சொல்கிறது. சுமார் 1,400 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. காரணம், கல்லிலேயே எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான்.

சரி, எழுத்தே இல்லாத விலங்குச் சிற்பத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆதிச்சநல்லூரில் என்ன கிடைத்தது?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கரில் பரந்து கிடக்கும் ஈமக்காடு ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை இங்கு அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள், தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருட்கள் வெளிவந்தன. வெண்கலத்தில் எருமை, ஆடு, சேவல் போன்ற வீட்டு விலங்குகளும், புலி, மான், யானை போன்ற காட்டு விலங்குகளும் இருந்தன. பறக்கும் பறவைகளும் உண்டு. இவற்றில் பல, பாத்திர மூடிகளையும் தாங்கிகளையும் அலங்கரித்தவை.

செய்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இங்கு கிடைத்த வெண்கலக் கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் மட்டும் சுமார் 23 சதவீதம். இந்தக் கலவை ஆறிப்போனால் தட்டும்போது உடைந்துவிடும். சூட்டோடு தட்டி, தண்ணீரில் முக்கி எடுக்கும் பக்குவம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால், அந்தச் சேவல் ஏன் செய்யப்பட்டது என்று எழுதிவைத்த வரி எதுவும் இல்லை. தாழிக்காட்டில், இறந்தவருக்கான பொருட்களோடு கிடைத்தது என்பதுதான் கையில் உள்ள முதல் துப்பு.

பெனின் சேவல் யாருடையது?

இதே கேள்விக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் அரசவையில், ‘ஓபா’ எனப்படும் மன்னருக்காகத் தனிக் கைவினைஞர் குழு உலோகச் சிற்பங்கள் செய்தது. முறை நம்ம சுவாமிமலை மாதிரியே மெழுகு வார்ப்புதான். ‘பெனின் வெண்கலங்கள்’ என்று பெயர் பெற்றாலும் பெரும்பாலானவை பித்தளை.

அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் இடம் உண்டு. சிறுத்தை மன்னரின் அடையாளம். மன்னர் கை கழுவ நீர் ஊற்றும் பாத்திரம்கூடச் சிறுத்தை வடிவில் இருந்தது. பாம்பு அரண்மனைக் கூரையில் இருந்தது. சேவல், அரசரின் தாய்க்கான பலிபீடத்தில் வைக்கப்பட்டது. இடம் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடுகிறது.

1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைத் தாக்கி, ஆயிரக்கணக்கான பொருட்களை அள்ளிச் சென்றது. ஒரு சேவல் 1905-ல் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரிக்கு அன்பளிப்பாக வந்தது. அந்தக் கல்லூரியின் சின்னத்திலும் சேவல் இருப்பதால், உணவுக்கூடத்தில் அழகுப் பொருளாக நின்றது. அரசத்தாயின் பலிபீடத்தில் இருந்த சேவல், சாப்பாட்டு ஹாலில்! மாணவர்கள் எதிர்த்ததால் 2016-ல் அங்கிருந்து எடுக்கப்பட்டு, 2021 அக்டோபரில் நைஜீரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022-ல் ஜெர்மனியும் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்ற ஒப்பந்தம் செய்து, அந்த ஆண்டு டிசம்பரில் முதல் 20 பொருட்களைத் திருப்பித் தந்தது.

இதில் நமக்கு என்ன?

ஆதிச்சநல்லூரின் கதையிலும் ஜெர்மனி இருக்கிறது. ரீக்கு முன்பே, 1876-ல் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் ஜாகோர் இங்கு தோண்டினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மண்பாண்டங்கள், இரும்பு ஆயுதங்கள், எலும்புகள், மண்டையோடுகள் எடுக்கப்பட்டன. சேகரிப்பு பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1903-04-ல் வந்த பிரெஞ்சு ஆய்வாளர் லூயி லாப்பிக் எடுத்தவை பாரிஸுக்குச் சென்றன. ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவர் மட்டும் 1915-ல் பட்டியலை அச்சில் வெளியிட்டார்.

பெனினில் நடந்தது படையெடுத்த கொள்ளை. இங்கே காலனி ஆட்சியின் ஆதரவில் நடந்த தோண்டல். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விளைவில் ஓர் ஒற்றுமை உண்டு: ஒரே இடத்துப் பொருட்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தாழியோடு எந்தப் பாத்திரம், யாருடைய எலும்புக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்ற தொடர்பு அறுந்தால், எழுத்தில்லாத பொருள் ஊமையாகிவிடும்.

அடுத்து என்ன செய்யலாம்?

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அகழ்ந்த குழியிலேயே தாழிகளைக் கண்ணாடித் தளம் வழியாகப் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. வெளிநாட்டில் உள்ளவற்றை மீட்க வேண்டும் என்ற குரலும் நியாயமானதே. ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

அதற்கும் பெனின் ஒரு வழி காட்டுகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய ‘டிஜிட்டல் பெனின்’ இணையதளம், தொடங்கியபோதே 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் உள்ள 5,000-க்கும் மேற்பட்ட பொருட்களை ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. சென்னை, பெர்லின், பாரிஸ் மூன்றிலும் உள்ள ஆதிச்சநல்லூர் பொருட்களுக்கும் படத்தோடும் குறிப்போடும் அப்படி ஒரு பொதுப் பட்டியல் தேவை. பொருட்கள் ஊர் திரும்பப் பல ஆண்டுகள் ஆகலாம். பட்டியலை இன்றே தொடங்கலாம்.